ஒரே ஹெட்போன், மூணு வேலை

பாட்டு கேட்கணும், வீட்டுல பாடி ரெக்கார்ட் பண்ணணும், ட்ரெயின்லயும் ஃப்ளைட்லயும் போட்டுக்கணும். மூணுக்கும் சேர்த்து ஒரே ஹெட்போன் எது வாங்கலாம்? நமக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இந்த மூணு வேலைக்குமான ஹெட்போன்கள் வெவ்வேறு காலத்துல, வெவ்வேறு ஆட்கள் கையில உருவானவை. அந்தக் கதை தெரிஞ்சா கடைக்காரர் சொல்றதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ஆரம்பத்துல இது பாட்டுக்கான பொருளே இல்லை. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின், வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனைக் கடற்படைக்கு அனுப்பினார். ரேடியோ சிக்னல் கேட்கத்தான். நிறைய வேணும்னு கடற்படை கேட்டபோது, ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும்னு சொன்னாராம். சமையலறை அவ்வளவுதானே! 1937-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டிடி 48 என்ற டைனமிக் ஹெட்போனைக் கொண்டுவந்தது. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. இன்னிக்கு நாம வாங்கறதுல பெரும்பாலானவை அதே முறைதான்.

வீட்டுல உட்கார்ந்து பாட்டு கேட்கறதுக்கு வந்தது 1958-ல். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜாஸ் கலைஞர் ஜான் காஸ் விற்க நினைச்சது ஒரு ரெக்கார்ட் பிளேயரை. ஜனங்களுக்குப் பிடிச்சது அதோட கொடுத்த ஸ்டீரியோ ஹெட்போன்.

அடுத்த திருப்பம்தான் உங்க பணத்தை நேரடியா பாதிக்கறது. 1968-ல் ஜென்ஹைசர் எச்டி 414-ஐ வெளியிட்டது. மஞ்சள் ஸ்பாஞ்ச் வச்ச, ரொம்ப லேசான ஹெட்போன். அதோட கப் பின்பக்கம் மூடியிருக்காது. இதைத்தான் ஓப்பன் பேக்னு சொல்றோம். சத்தம் அடைபடாம வெளியே போகறதால, பாட்டு தலைக்குள்ள கேட்காம எதிர்ல யாரோ வாசிக்கற மாதிரி விரிஞ்சு கேட்கும். வீட்டுல ராத்திரி தனியா கேட்க இதுக்கு ஈடு கிடையாதுன்னு நான் இன்னமும் சொல்வேன். ஆனா இதைப் போட்டுக்கிட்டு மைக் முன்னாடி பாடினா, காதுல ஓடற டிராக் கசிஞ்சு மைக்ல விழும். பாடின குரலோட அதுவும் பதிவாகிடும், அப்புறம் பிரிச்சு எடுக்கறது பெரும்பாடு. ட்ரெயின்ல போட்டாலோ, டீ விக்கறவர் குரல் பாட்டுக்குள்ளயே வந்துடும்.

அதனால ஸ்டுடியோக்கள் மூடின கப்பையே பிடிச்சுக்கிட்டாங்க. 1985-ல் சோனியின் எம்டிஆர்-வி6, 1991-ல் அதன் வழியில் வந்த 7506. மடிக்கலாம், சுருள் ஒயர். ரெக்கார்டிங் இன்ஜினியர், டிவி கேமராமேன்னு பல பேர் தலையில் இதைப் பார்க்கலாம். இன்னும் விக்குது.

பயணத்துக்குன்னு முதல்ல வந்தது 1979 ஜூலையில் சோனி வாக்மேனோட கிடைச்ச சின்ன ஹெட்போன். எடை 50 கிராமுக்குப் பக்கம். அதுக்கு முந்தி வழக்கத்துல இருந்தவை பல மடங்கு கனம். ஆனா அது வெளிச் சத்தத்தைத் தடுக்கலை. அந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர் அமர் போஸ். அப்பா நோனி கோபால் போஸ், ஆங்கிலேயரை எதிர்த்து அமெரிக்காவுக்குப் போன வங்காளி. 1978-ல் சூரிக்கிலிருந்து பாஸ்டன் போகும் விமானத்தில், அங்கே கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி ஒண்ணும் கேட்கலை. ஃப்ளைட்லயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். வெளிச் சத்தத்தை மைக்கில் பிடிச்சு, அதுக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ரெண்டையும் மோதவிடணும். 1936-லேயே பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதைச் செய்ய எலக்ட்ரானிக்ஸ் அப்போ இல்லை. போஸின் ஹெட்செட் 1989-ல் விமானிகளுக்குத்தான் முதல்ல விற்பனைக்கு வந்தது. பயணிகளுக்கான குவைட்கம்ஃபர்ட் 2000-ல்.

இன்ஜினுக்காகப் பிறந்ததால, ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலைத்தான் இது நல்லா அடக்கும். பக்கத்து சீட் குழந்தை அழுகையை அவ்வளவா அடக்காது.

சரி, எதை வாங்கறது? மூணுல ரெக்கார்டிங்கும் இருந்தா, அதிலிருந்து ஆரம்பிங்க. பாட்டு கேட்கறதும் பயணமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ரெக்கார்டிங் விட்டுக்கொடுக்காது. ப்ளூடூத்ல சத்தம் பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டுக்கு மேல தாமதமா வரும். படம் பார்க்க ஆப் அதைச் சரிக்கட்டிடும். பாடும்போது உங்க குரலே பின்னாடி வந்தா தாளம் போச்சு. ஆக, மூடின கப், ஒயர், மடிக்கற வசதி. இம்பீடன்ஸ் 80 ஓமுக்குக் கீழே இருந்தா போன்லயும் லேப்டாப்லயும் பொதுவா தனி ஆம்ப் இல்லாம ஓடும். 7506-க்கு 63 ஓம். நாய்ஸ் கேன்சலிங் இல்லாம முடியாதுன்னா, ஒயர் போட்டும் வேலை செய்யற மாடலா பாருங்க.

7506-லயும் குறை இருக்கு. மேல் ஸ்தாயி கொஞ்சம் தூக்கலா இருக்கும், ஜால்ரா சத்தம் காதைக் குத்தும். ஒயரும் கழட்ட முடியாதது. பையில் கசக்கிப் போட்டு அது உள்ளே அறுந்தா, சால்டரிங் தெரிஞ்ச ஆளைத் தேடணும். பயணம் அதிகம்னா கழட்டி மாத்தக்கூடிய ஒயர் உள்ளதா எடுங்க. போன்ல ஜாக் இல்லைன்னா, யூஎஸ்பி-சி அடாப்டர் ஒண்ணையும் அதே பையில் போட்டு வச்சுக்கோங்க.