சீருடை விதியும் மூக்குத்தியும்: தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

டர்பன் நகரப் பள்ளியொன்றில் பயின்ற தமிழ் வழிவந்த மாணவி மூக்குத்தி அணிந்ததால் எழுந்த வழக்கில், தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 05.10.2007 அன்று தீர்ப்பு வழங்கியது. பள்ளிச் சீருடை விதிகளின் கண்டிப்பும் மாணவரின் இசைவும் மோதும் இடத்தை இத்தீர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது. அனைவருக்கும் ஒன்றுபோல் எழுதப்பட்ட விதி, எல்லார்மீதும் ஒன்றுபோல் சுமையேற்றுவதில்லை என்பதையும், அச்சுமையின் அளவை விதி எதைத் தடுக்கிறது என்பதைவிட எதை அனுமதிக்கிறது என்பதே காட்டிக்கொடுக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சீருடை, மூக்குத்தி, தென்னாப்பிரிக்கத் தமிழர், விதிவிலக்கு, பாகுபாடு, மாணவர் இசைவு.

முன்னுரை

பள்ளிச் சீருடை சமத்துவத்தின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறத் துணியில் ஒரே வரிசையில் அமர்வதற்கு அது வழிசெய்கிறது. இப்பயனை மறுப்பார் மிகச் சிலரே. ஆயினும், சீருடை என்பது துணியோடு முடிந்துவிடுவதன்று. கூந்தலின் நீளம், காலணியின் நிறம், அணிகலன் எனப் பலவும் அதன் ஆட்சிக்குள் வருகின்றன. அவ்விடத்தில், விதியை வகுப்போர் எவருடைய உடலையும் எவருடைய வழக்கத்தையும் இயல்பானவை எனக் கொண்டனர் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண, ‘குவாசூலு-நேட்டால் கல்வி அமைச்சர் எதிர் பிள்ளை’ என்னும் வழக்கு சிறந்த சான்றாக அமைகிறது.

சீருடையின் இரு வேர்கள்

இங்கிலாந்தில் பள்ளிச் சீருடையின் பழைய சான்று, 16ஆம் நூற்றாண்டில் இலண்டனில் தொடங்கப்பெற்ற ‘கிறைஸ்ட்ஸ் ஆஸ்பிட்டல்’ என்னும் அறக்கொடைப் பள்ளியாகும். ஆதரவற்ற சிறாருக்கு அங்கு வழங்கப்பட்ட நீல நிற நெடுஞ்சட்டை, அவர்கள் பிறர் ஈகையால் வாழ்வோர் என்பதைக் காண்போர்க்கு உணர்த்தியது. 19ஆம் நூற்றாண்டில் மேட்டுக்குடியினரின் உறைவிடப் பள்ளிகள் தமக்கெனத் தனி உடையை வகுத்துக்கொண்டபோது, அதுவரை ஏழ்மையைக் குறித்த சீருடை பெருமிதத்தின் குறியாகவும் மாறியது. கழுத்துப்பட்டியும் மேலங்கியும் கொண்ட இவ்விரண்டாம் மரபே பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்குச் சென்றது. இந்தியப் பெருங்கடற் கரையில் அமைந்த, வெப்பமும் ஈரமும் மிக்க டர்பன் நகரும் அதனை ஏற்றது. இவ்வாறு, பள்ளி உடையின் இலக்கணம் ஒரு குறிப்பிட்ட தட்பவெப்பத்திலும் ஒரு குறிப்பிட்ட சமூகத்திலும் உருவாகிப் பின்னர்ப் பொது இலக்கணமாகக் கொள்ளப்பட்டது.

டர்பனும் தமிழரும்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் 16.11.1860 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றோர். கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்களின் வழித்தோன்றல்கள், தமிழ்மொழியின் அன்றாடப் புழக்கத்தைத் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக இழந்தபோதும் கோயில் வழிபாடு, காவடி, தீமிதி, வாழ்வியற் சடங்குகள் ஆகியவற்றின் வழியே தம் அடையாளத்தைக் காத்துவந்தனர். மொழி தளர்ந்த இடத்தில் சடங்கும் அணியும் அதன் பணியை ஏற்றன எனலாம். மூக்குத்தி பற்றிய வழக்கின் உணர்வுச் செறிவை விளங்கிக்கொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

நிறவெறி ஆட்சியில் பள்ளிகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வெள்ளையர்க்கே உரியனவாய் இருந்த பள்ளிகள், 1990களில் அனைத்து இன மாணவர்க்கும் திறக்கப்பட்டன. வாயில் திறந்தது, உள்ளே இருந்த உடை மரபு பெரும்பாலும் பழையபடியே நீடித்தது.

விதியும் விண்ணப்பமும்

1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், ஒவ்வொரு பள்ளியின் ஆட்சிக்குழுவும் மாணவர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரைக் கலந்து நடத்தை விதித்தொகுப்பு ஒன்றை வகுக்க வேண்டும் என்கிறது. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் விதித்தொகுப்பு, வேலைப்பாடற்ற வட்டத் தோடு அல்லது சிறு வளையம் காதுக்கு ஒன்றாக, ஒரே உயரத்தில் அணியலாம் என அனுமதித்தது. கைக்கடிகாரம், மருத்துவ எச்சரிக்கைப் பட்டை ஆகியவை தவிர வேறு அணிகலன்களுக்கு இடமளிக்கவில்லை.

2004ஆம் ஆண்டு செப்டம்பர் விடுமுறையில், அப்பள்ளியின் மாணவி ஒருவர் தாயின் ஒப்புதலுடன் மூக்குக் குத்திச் சிறு தங்க மூக்குத்தி அணிந்தார். பள்ளி திறந்ததும் அது விதிமீறலெனச் சுட்டப்பட்டது. விதிவிலக்குக் கோரித் தாய் பள்ளிக்கு எழுதிய விளக்கம் பண்பாட்டு ஆய்வாளர் கருதத்தக்கது. மூக்குத்தி புதுப்பாங்குக்காக அணியப்பட்டதன்று; பெண் பூப்பெய்தியபின் அணிவிக்கப்படும் குடும்ப மரபு; மகளின் 16ஆம் பிறந்தநாளில் பாட்டி அதனை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி அணிவிப்பார்; வீட்டு மூத்தோர் இளம்பெண்ணுக்கு மதிப்புமிக்க பொருளை வழங்கி வாழ்த்தும் முறை இது என்பன அவர் கூறியவை. பள்ளி ஆட்சிக்குழு வல்லுநர் கருத்தைக் கேட்டபின் விதிவிலக்கை மறுத்தது.

வழக்கின் போக்கு

தாய், 2000ஆம் ஆண்டின் சமத்துவ மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் டர்பன் சமத்துவ நீதிமன்றத்தை அணுகினார். பாகுபாடு இருப்பதாக மேலோட்டமாகத் தோன்றினும் அது நியாயமற்றதன்று என அந்நீதிமன்றம் கருதியது. மேல்முறையீட்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் அம்முடிவை மாற்றித் தாய்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாகாணக் கல்வி அமைச்சரும் பள்ளித் தரப்பும் அரசமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றனர். வழக்கு அங்கு விசாரிக்கப்பட்டபோது மாணவி அப்பள்ளியை விட்டு நீங்கியிருந்தார். எனினும் நாட்டின் பிற பள்ளிகளுக்கும் இவ்வினா பொருந்துவதால், நீதிமன்றம் அதனைத் தீர்மானிக்க முன்வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பைத் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதினார்.

காதணியும் விதியின் நடுநிலையும்

எந்த மாணவியும் மூக்குத்தி அணியக்கூடாது என்பதால் விதி அனைவரையும் சமமாகவே நடத்துகிறது என்பது பள்ளித் தரப்பின் அடிப்படை வாதம். நீதிமன்றம் இவ்வாதத்தை விதியின் சொற்களைக் கொண்டே ஆராய்ந்தது. விதி எல்லா அணிகலன்களையும் தடுக்கவில்லை, காதணியை ஏற்றது. பெரும்போக்கினர்க்கும் வரலாற்றில் மேலிடம் பெற்றோர்க்கும் உரிய அணிமுறை அனுமதிக்கப்பட்டு, விலக்கிவைக்கப்பட்டோரின் அணிமுறை தடுக்கப்பட்டது. ஆதலின் அவ்விதி நடுநிலையானதன்று என லங்கா முடிவு செய்தார்.

இம்முடிவு சீருடை ஆய்வுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. காதணி அணியும் மாணவிக்கு விதி ஒரு சுமையாகத் தோன்றுவதே இல்லை. தன் வழக்கம் விதிக்குள் அடங்கியிருப்பதை அவர் உணரவும் வேண்டியதில்லை. மூக்குத்தி அணியும் மாணவியோ நாள்தோறும் வீட்டையும் பள்ளியையும் எடைபோட வேண்டியவராகிறார். ஒரே விதி ஒருவருக்கு இசைவாகவும் மற்றவருக்கு இடராகவும் அமையும் முறை இதுவே.

உடல்சார் வசதியிலும் இவ்வளவுகோல் பொருந்துவதை இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகர நிகழ்வு காட்டுகிறது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடும் வெப்பத்தில் அங்குள்ள பள்ளியொன்றின் மாணவர்கள் அரைக்காற்சட்டை அணிய இசைவு கேட்டனர். அது மறுக்கப்படவே, சீருடைப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த பாவாடையை அணிந்து பள்ளிக்கு வந்தனர். வெயில் அனைவர்மீதும் ஒன்றாகவே விழுந்தது. கால்களுக்குக் காற்றுப்படும் உடையோ மாணவியர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. அனுமதிக்கப்பட்டவற்றைக் கொண்டே தடுக்கப்பட்டவற்றின் காரணத்தை வினவ முடியும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

கட்டாயமும் விருப்பமும்

மூக்குத்தி அணிதல் இந்து சமயத்தின் கட்டாயக் கடமையன்று; ஆதலின் அதற்குப் பாதுகாப்பு வேண்டியதில்லை என்பது பள்ளியின் மற்றொரு வாதம். தமிழியல் நோக்கில் இது கவனத்துக்குரியது. சங்க நூல்களும் சிலப்பதிகாரமும் பேசும் அணிகலன்களுள் மூக்கணி இடம்பெறவில்லை என்பதும், அது பிற்காலத்தே பரவியது என்பதும் ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும் கன்னியாகுமரி பகவதியம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கமெனக் கப்பலோட்டிகள் மயங்கினர் என்னும் வழக்கு வழங்கும் அளவுக்கு, அவ்வணி தமிழர் வழிபாட்டிலும் வாழ்விலும் வேரூன்றிவிட்டது. ஒரு வழக்கத்தின் தொன்மையை மட்டும் அளவாகக் கொண்டால், அதனைப் பின்பற்றுவோர்க்கு அது தரும் பொருளை இழந்துவிடுவோம்.

நீதிமன்றமும் இதற்கு இணையான நிலையை மேற்கொண்டது. சமயத்திலும் பண்பாட்டிலும் கட்டாயமான நடைமுறைகளே அன்றி விருப்பத்தால் மேற்கொள்ளப்படுபவையும் பாதுகாப்புக்கு உரியன என்றது. மூக்குத்தி அம்மாணவியின் தென்னிந்திய, தமிழ், இந்து அடையாளத்தின் சிறப்பு வெளிப்பாடாக இருந்ததை ஏற்றது. சமயமும் பண்பாடும் இங்குப் பின்னிக்கிடப்பதால் அவற்றைப் பிரித்தறிய வேண்டியதில்லை எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு கருத, நீதிபதி கேட் ஓரேகன் தம் தனித் தீர்ப்பில் இதனைப் பண்பாட்டு வழக்கமாகவே கொண்டார். ‘சமயம்’ என்னும் சொல்லுக்குள் தமிழர் சடங்குகளை அடக்குவதில் உள்ள இடர்ப்பாடு இக்கருத்து வேறுபாட்டில் புலனாகிறது.

ஒழுங்கு குலையும் என்னும் அச்சம்

ஒரு மூக்குத்திக்கு இடமளித்தால் பச்சை குத்துதல், சடைமுடி, உடலெங்கும் துளையிடுதல் என அடுத்தடுத்துக் கோரிக்கைகள் எழும் எனப் பள்ளித் தரப்பு அஞ்சியது. உண்மையான நம்பிக்கையின் அடிப்படையில் எழும் கோரிக்கைக்கே தீர்ப்பு பொருந்தும் என்பதைத் தெளிவுபடுத்திய லங்கா, அஞ்சி ஒடுங்கியிருந்த பிற மாணவரும் தம் பண்பாட்டை வெளிப்படுத்த முன்வந்தால் அது கொண்டாடத்தக்கதே என்றார். சீருடையின் பயன்களை அவர் மறுக்கவில்லை. விதிவிலக்கு வழங்குவதால் அப்பயன்கள் கெடும் என்பதற்குச் சான்றில்லை என்பதே அவர் கண்ட முடிவு. தலைப்பாகை அணிந்த சீக்கியக் காவலர் அதனால் கடமை தவறுவதில்லை என்னும் ஒப்புமையையும் அவர் காட்டினார். இங்கிலாந்தில் சீக்கியச் சிறுவனின் தலைப்பாகை பற்றிய ‘மாண்ட்லா’ வழக்கில் 1983ஆம் ஆண்டு பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பும், தென்னாப்பிரிக்காவிலேயே சடைமுடி அணிந்த ரஸ்தஃபாரி மாணவிக்குச் சார்பாக 2002ஆம் ஆண்டு கேப் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இவ்வகையில் முன்னோடிகளாகும்.

கேட்கப்படாத குரல்

இவ்வழக்கில் தாய் பேசினார். பள்ளித் தரப்பு பேசியது. இந்து சமய வல்லுநர் சான்றளித்தார். மூக்குத்தி அணிந்த மாணவி நீதிமன்றத்தில் சான்றளிக்கவில்லை. எவருடைய பண்பாடு வழக்குக்குரியதோ அவர் கூற்றை நேரில் கேட்பது விரும்பத்தக்கது எனவும், முதிர்ச்சி வாய்ந்த சிறாருக்கும் இது பொருந்தும் எனவும் நீதிமன்றம் இக்குறையைச் சுட்டியது. சொற்கள் இல்லாத நிலையில் அவர் செயலே சான்றாயிற்று. சக மாணவியரின் புண்படுத்தும் நடத்தைக்கும் நெடிய சர்ச்சைக்கும் இடையே அவர் மூக்குத்தியைக் கழற்றவில்லை என்பதிலிருந்து, அது அவருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை நீதிமன்றம் உய்த்துணர்ந்தது.

மாணவர் இசைவு பற்றிய ஆய்வுக்கு இப்பகுதி முதன்மையானது. விதியை வகுப்போரும் எதிர்ப்போரும் பெரியோர்களே, அணிபவர் சிறார். விதி ஒரு சிறுமிக்கு இடராயிருப்பதை அவர் ஈராண்டுக் காலம் தாங்கிக்காட்டிய பின்னரே நிறுவ முடிந்தது எனில், அக்குறை அவரைக் கேளாத நடைமுறையைச் சார்ந்தது.

தீர்ப்பும் அதன் பின்னரும்

விதிவிலக்கு மறுக்கப்பட்டது நியாயமற்ற பாகுபாடு என நீதிமன்றம் அறிவித்தது. சமய, பண்பாட்டுக் காரணங்களுக்கு நியாயமான இடமளிக்கும் வகையிலும், விதிவிலக்குக் கோருவதற்குரிய நடைமுறையை வகுக்கும் வகையிலும் விதித்தொகுப்பைத் திருத்துமாறு பள்ளிக்கு ஆணையிட்டது. மாணவர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரைக் கலந்தே இத்திருத்தம் அமைய வேண்டும் என்றது. சீருடை நீக்கப்படவில்லை, அதற்குள் ஒரு வாயில் அமைக்கப்பட்டது.

ஒரு தீர்ப்பால் எல்லாப் பள்ளிகளும் மாறிவிடவில்லை. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவியர், தம் இயல்பான சுருள்முடியை ஒழுங்கற்றதாகக் கருதும் விதிகளை எதிர்த்துப் போராடினர். மாகாணக் கல்வி அமைச்சர் பன்யாசா லெசுஃபி தலையிட்டபின் கூந்தல் பற்றிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. மூக்குத்தியைக் கழற்ற இயலும். தலையில் இயல்பாக முளைக்கும் முடியைக் கழற்ற இயலாது. நேரான முடியைப் பொது அளவாகக் கொண்ட விதி, காதணியைப் பொது அளவாகக் கொண்ட விதியின் உடன்பிறப்பே ஆகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சீருடை விதியின் நடுநிலையை அதன் தடைகளைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. அதன் அனுமதிகளையும் உடன்வைத்து நோக்க வேண்டும். இரண்டாவது, கண்டிப்பும் விதிவிலக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல. விதிவிலக்குக்கு முறையான வழி இருக்கும் பள்ளியில் மாணவர் விதியை மீறிப் போராட வேண்டிய தேவை குறைகிறது. மூன்றாவது, மாணவரின் இசைவை அறியும் வழி அவரைக் கேட்பதே.

தமிழியல் ஆய்வாளர்க்கு இவ்வழக்கு மற்றொரு பணியையும் விட்டுச்செல்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தோரின் வழியில் பிறந்த ஒரு பெண்ணின் மூக்கில் இருந்த சிறு தங்கத் துளி, ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் சமத்துவத்தின் பொருளை விரித்துரைக்கச் செய்தது. புலம்பெயர் தமிழரின் அணிகளையும் சடங்குகளையும் பழைமையின் எச்சங்களாகப் பட்டியலிடுவதோடு அமையாமல், அவை புகுந்த நாட்டின் சட்டத்தையும் பள்ளியையும் எவ்வாறு மாற்றியமைத்தன என ஆராய்வது இத்துறைக்கு வளம் சேர்க்கும்.