திருச்சிக்கும் பலாலிக்கும் எவ்வளவு தூரம்?



ஒரு சின்னக் கேள்வி. திருச்சி விமான நிலையத்துக்குக் கிட்ட இருப்பது சென்னையா, யாழ்ப்பாணமா? பலரும் சென்னை என்பீர்கள். வான்வழியில் நேர்கோடாக அளந்தால் சென்னை சுமார் 290 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 185 கி.மீ.தான். இந்தத் தூரம் என்றும் மாறியதில்லை. பயண நேரம்தான் மாறிக்கொண்டே வந்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நம் ஊர்க்காரர்கள் போட் மெயிலில் ஏறித் தனுஷ்கோடி போய், அங்கே கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, மதவாச்சியில் வண்டி மாறி யாழ்ப்பாணம் சேர்வார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது.

விமானத்தின் கதை வேறு. தஞ்சை ஓடுதளம், பலாலி ஓடுதளம் இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷார் போட்டவை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்கு வந்தது. ஆக, யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குப் போகாமலே சென்னைக்குப் பறந்த காலம் ஒன்று இருந்தது.

1983க்குப் பின் எல்லாம் தலைகீழாயிற்று. பலாலி ராணுவத் தளமானது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் முதலில் கொழும்புக்குப் பறக்க வேண்டும். அங்கிருந்து சாலையில் இன்னும் 400 கி.மீ. போரில் ஏ-9 சாலை மூடிக் கிடந்த ஆண்டுகளில் அதுவும் இல்லை. அங்கிருந்து இங்கே வந்தவர்களோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தார்கள். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. தலைக்கு மேல் விமானம் போகும், ஊருக்குத்தான் போக முடியாது.

திருச்சியில் பணியாற்றியபோது, முகாமிலிருந்து வந்த மாணவி ஒருத்தி வரைபடத்தில் அடிக்குச்சியை வைத்து அளந்துவிட்டு, "இவ்வளவு கிட்டவா சார் இருக்கு?" என்றாள். அதற்குமேல் அன்று பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை.

2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு மீண்டும் விமானம் போனது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. இதற்கிடையே 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் விடப்பட்டது; சுமார் நான்கு மணி நேரப் பயணம். 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தே நேராக யாழ்ப்பாணத்துக்கு விமானம் வந்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம். 185 கி.மீ.க்கு ஒரு மணி நேரமா என்று கேட்காதீர்கள். ஓடுதளத்தில் ஊர்ந்து, மேலேறி, சுற்றி இறங்கும் நேரமும் அதில் சேர்த்தி. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் போகவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது!

பிள்ளைகளே, தூரத்தை பூமி வைத்திருக்கிறது. பயண நேரத்தை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. அரசுகளும் போரும் சமாதானமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒரு மணி நேர வழி மூடிக் கிடந்த காலத்தில் ஒரு தலைமுறையே முகாமில் வளர்ந்துவிட்டது.

உங்கள் தாத்தா, பாட்டி யாராவது போட் மெயிலில் இலங்கை போயிருந்தால், எங்கே ஏறினார்கள், எத்தனை நாள் ஆனது என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். கேட்டுவைக்க வேண்டிய வரலாறு அது.