குவானைன் நான்மடியும் வரிக்குதிரை மீன் கருவும்: ஒரு கருத்தின் வரலாறு

முன்னுரை

குவானைன் மிகுந்த டி.என்.ஏ. பகுதிகள் இரட்டைச் சுருளிலிருந்து வேறுபட்ட நான்மடி வடிவத்தையும் கொள்ளவல்லவை. அவ்வடிவம் மரபணுவின் இயக்கத்தைத் தடுக்கிறதா, தூண்டுகிறதா என்னும் வினாவிற்கு மீன் கரு அளித்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

தடுப்பு என்னும் கருத்து

குவானிலிக் அமிலக் கரைசல் கூழாக உறைவதை 1910இல் ஐவர் பாங் பதிவு செய்தார். அதன் காரணம் 1962இல் தெளிவாயிற்று. நான்கு குவானைன்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒரு தளமாக இணைவதைக் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகியோர் எக்ஸ் கதிர் ஆய்வின்வழி நிறுவினர். இத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெறுவதே நான்மடி.

2002இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஹர்லி குழுவினர், புற்றுநோயோடு தொடர்புடைய சி-மிக் மரபணுவின் முன்பகுதியில் உருவாகும் நான்மடியை டி.எம்.பை.பி.4 என்னும் சிறு மூலக்கூறால் நிலைப்படுத்தினர், படியெடுப்பு குறைந்தது. நான்மடி ஒரு தடுப்பு என்னும் கருத்து வலுப்பெற்றது. 2013இல், சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு, எதிர்ப்பொருளின் துணையால் மனித உயிரணுக்களில் இவ்வடிவத்தைப் புலப்படுத்தியது. எனினும், உறுப்புகள் உருவாகும் ஒழுங்கில் அதன் பங்கை அறிய முழுக் கரு தேவைப்பட்டது.

கருவில் நிகழ்ந்த சோதனை

1822இல் ஹாமில்டன் தம் கங்கை மீன்கள் பற்றிய நூலில் விவரித்த வரிக்குதிரை மீன், ஸ்டிரைசிங்கரின் 1981ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப்பின் மரபியல் ஆய்வில் நிலைபெற்றது. அதன் கரு தாயுடலுக்கு வெளியே வளர்வது, ஒளி ஊடுருவுவது, ஒரே நாளில் உடலமைப்பின் அடிப்படையைப் பெறுவது.

2016இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களின் முன்பகுதி நான்மடிகளை ஆராய்ந்தனர். அவை குருத்தெலும்புப் புரதத்திற்குரிய கோல்2ஏ1, கண் வளர்ச்சிக்குரிய எஃப்இசட்டி5, வளர்ச்சிச் சமிக்ஞையைக் கட்டுப்படுத்தும் நாக்3 ஆகியன. சிறு மூலக்கூறுகளைக் கருவினுள் நுண்ணூசியால் செலுத்தியபோது இம்மரபணுக்களின் படியெடுப்பு குறைந்தது. இம்முடிவு தனித்து நின்றால் பழைய கருத்தோடும் பொருந்தக்கூடும். மேலும், இத்தகைய மூலக்கூறுகள் மரபணுத்தொகுதியின் பல நான்மடிகளோடு பிணையக்கூடியவை.

ஐயத்தை நீக்கியது இரண்டாம் சோதனையே. குறிப்பிட்ட ஒரு நான்மடி வரிசையோடு மட்டும் இணைந்து, அது மடிவதைத் தடுக்கும் சிறு டி.என்.ஏ. இழைகள் செலுத்தப்பட்டன. அப்போதும் படியெடுப்பு குறைந்தது. அந்தந்த மரபணு ஒடுங்கும்போது தோன்றும் உருக்குறைகளே கருக்களிலும் இளமீன்களிலும் காணப்பட்டன. மடிப்பு தடைப்பட்டதும் இயக்கம் தளர்ந்தமையால், இம்மரபணுக்களில் நான்மடி தூண்டுகோலாகவே செயற்பட்டமை புலனாயிற்று.

முடிவுரை

நான்மடி எங்கும் தடுப்புமன்று, எங்கும் தூண்டுகோலுமன்று. அதன் பணி மரபணுதோறும் வேறுபடுகிறது. எனவே, புற்றுநோய்க்கெனச் சிறு மூலக்கூறுகளை வடிவமைப்போர் ஒரு மரபணுவின் ஒடுக்கத்தை மட்டும் அளந்து அமைதல் போதாது. வளரும் கருவில் அவற்றின் விளைவையும் ஆராய்தல் இன்றியமையாதது.