தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு: மருத்துவர் முதல் மென்பொருளாளர் வரை

தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு என்பது, ஒருவர் தம் தொழிலறிவைக் கொண்டு செய்துகொடுத்த வேலையில் நேர்ந்த தவறாலோ கவனக்குறைவாலோ பிறருக்கு நட்டம் ஏற்படும்போது, அவர் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் ஏற்பாடு ஆகும். தீக் காப்பீடு சொந்தக் கட்டடத்தைக் காக்கிறது. இதுவோ, பிறருக்கு நாம் தர வேண்டியதாகிவிடும் கடனிலிருந்து காக்கிறது. மருத்துவர், பொறியாளர், தணிக்கையாளர், வழக்கறிஞர் ஆகியோருக்கென்று வளர்ந்த இந்தக் காப்பீடு, இன்று தனித்து ஒப்பந்தப் பணி செய்யும் மென்பொருளாளரின் வாசலுக்கும் வந்துள்ளது.

தோற்றம்

கப்பலுக்கும் சரக்குக்கும் காப்பீடு எடுக்கும் வழக்கம் லண்டனில் 17ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. அறிவை விற்பவரின் தவறுக்குக் காப்பு என்ற எண்ணம் மிகவும் பிந்தியது. 1885இல் லண்டனில் மருத்துவர்கள் தங்களுக்குள் ஒரு தற்காப்புச் சங்கம் அமைத்தனர். அது காப்பீட்டு நிறுவனம் அல்ல. உறுப்பினர்மீது வழக்கு வந்தால் கூடி நின்று உதவும் அமைப்பு. நம் ஊர்ச் சீட்டுக் கூட்டம்போல, ஒருவர் சுமையைப் பலர் தாங்குவதே அதன் அடிப்படை.

சட்டத்தில் பெரிய திருப்பம் 1963இல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு விளம்பர நிறுவனம், தன் வாடிக்கையாளர் நம்பத்தக்கவரா என்று அவருடைய வங்கியிடம் விசாரித்து, கிடைத்த பதிலை நம்பி 17,000 பவுண்டு இழந்தது. ஹெட்லி பர்ன் வழக்கு எனப்படும் இதில், ‘பொறுப்பேற்க மாட்டோம்’ என்று முன்பே எழுதிவைத்திருந்ததால் வங்கி தப்பியது. ஆனால் கவனமின்றிச் சொல்லப்பட்ட சொல்லால் விளையும் பண இழப்புக்கும், தனி ஒப்பந்தம் இல்லாத நிலையிலும், ஒருவர் பொறுப்பாகலாம் என்ற விதியைப் பிரபுக்கள் அவை நிலைநாட்டியது. கணக்கர், மதிப்பீட்டாளர், ஆலோசகர் அனைவரையும் இது தொட்டது.

இந்தியாவில்

சென்னையில் 1938இல் தொடங்கிய யுனைடெட் இந்தியா நிறுவனம், 1973ஆம் ஆண்டின் தேசியமயமாக்கலில் நான்கு அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அக்காலத்தில் பொதுக் காப்பீடு என்றால் தீ, கடல், வாகனம் என்பனவே பெரும்பாலும் நினைவுக்கு வரும். மருத்துவர்மீது வழக்குப் போடுவதை யாரும் எளிதில் எண்ணிப் பார்க்கவில்லை. உரிமையியல் நீதிமன்றக் கட்டணமும் ஆண்டுக்கணக்கில் நீளும் அலைச்சலும் அதற்குக் காரணம்.

1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. குறைந்த செலவில் முறையிட வழி திறந்ததும், மருத்துவம் அச்சட்டம் கூறும் ‘சேவை’ ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. நோயைக் கண்டறிவதும் சிகிச்சையளிப்பதும் அதில் அடங்கா என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் சேவையே என்றும், எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் இடங்கள் மட்டும் விலக்கு என்றும் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இந்தக் காப்பீடு பரவலாகப் பேசப்பட்டதற்கு இத்தீர்ப்பைவிடப் பெரிய காரணம் வேறொன்று இல்லை எனலாம். வழக்கறிஞர் நிலை வேறு. அவர்கள் பணி அச்சட்டத்தின்கீழ் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் பணி தொடங்கியது. வெளிநாட்டுப் பங்காளிகளோடு வந்த அந்நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்பத் துறைக்கென்றே எழுதப்பட்ட பாலிசிகளையும் கொண்டுவந்தன.

மென்பொருள் தவறும் நீதிமன்றமும்

மென்பொருளுக்கு வந்தால், பாடமாகக் கொள்ளத்தக்க வழக்கு இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகராட்சியுடையது. தலைவரி வசூலுக்காக 1988இல் அந்நகராட்சி ஐ.சி.எல். நிறுவனத்திடம் கணினி முறை ஒன்றை வாங்கியது. மென்பொருளில் இருந்த பிழை, வரி செலுத்துவோர் எண்ணிக்கையை 2,966 பேர் கூடுதலாகக் காட்டியது. தலைகள் அதிகம் என்று நம்பி நகராட்சி தலைக்குரிய வரியைக் குறைத்து நிர்ணயித்தது. வருவாயும் குறைந்தது, அதே தவறான எண்ணிக்கையின்படி மாவட்ட நிர்வாகத்துக்குக் கூடுதல் தொகையும் கட்ட வேண்டியதாயிற்று.

தன் பொறுப்பு 1,00,000 பவுண்டுக்கு மேல் இல்லை என்று ஒப்பந்தத்தில் ஐ.சி.எல். எழுதியிருந்தது. 1994இல் உயர் நீதிமன்றம் அந்த வரம்பு நியாயமற்றது என்று ஒதுக்கி, 13 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. நீதிபதி எடைபோட்டவற்றுள் ஒன்று, அந்நிறுவனம் உலகளவில் 5 கோடி பவுண்டுக்குக் காப்பீடு வைத்திருந்தது என்பது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொகையைக் குறைத்தாலும் வரம்பு செல்லாது என்பதை மாற்றவில்லை. காப்பீடு எடுக்க முடிந்தவர் அதை எடுக்காமல் சுமையை வாடிக்கையாளர்மீது தள்ளலாமா என்பதை 1977ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டமே கேட்கச் சொல்கிறது. இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1984இல் தன் 103ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது; அது சட்டமாகவில்லை. ஆகவே இங்கே தனிப் பணியாளர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் எடை அதிகம்.

நாளடைவில் வெளிப்படும் கேடு

காப்பீட்டு நிறுவனங்கள் அஞ்சுவது உடனே தெரியும் விபத்துக்கு அல்ல, பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் கேட்டுக்கே. இதற்குப் பழனிமலையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய பொருள் கிடங்கில் காணப்பட்டதைத் தொடர்ந்து 2001 மார்ச்சில் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில்தான். ஆலை மூடியதற்கும் உடன்பாட்டுக்கும் இடையே 15 ஆண்டுகள். அது தொழிற்சாலைப் பொறுப்பு. தொழில்முறைக் காப்பீட்டில் சேராது. ஆயினும் கால இடைவெளி என்னும் சிக்கல் ஒன்றே.

தவறு எந்த ஆண்டில் நடந்ததோ அந்த ஆண்டின் பாலிசியே பொறுப்பு என்பது பழைய முறை. 1970களின் நடுவில் அமெரிக்காவில் மருத்துவர்மீதான வழக்குகள் பெருகியபோது, கோரிக்கை எந்த ஆண்டில் வந்ததோ அந்த ஆண்டின் பாலிசியே பொறுப்பு என்ற முறைக்குக் காப்பீட்டாளர்கள் மாறத் தொடங்கினர். இன்று இந்தியாவில் விற்கப்படும் தொழில்முறைப் பாலிசிகள் பொதுவாக இந்த இரண்டாம் வகையே. அதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. 2022இல் எழுதிக்கொடுத்த நிரலில் உள்ள பிழைக்கு 2025இல் வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால், 2025இல் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். அந்த வேலையும் பாலிசியில் குறித்த ‘ரெட்ரோஆக்டிவ்’ தேதிக்குப் பிறகு செய்ததாக இருக்க வேண்டும். இடையில் ஓராண்டு பிரீமியம் கட்டாமல் விட்டுப் புதிதாகத் தொடங்கினால், அத்தேதி முன்னே நகர்ந்து பழைய வேலைகள் எல்லாம் காப்பின்றிப் போகக்கூடும். மலிவான பிரீமியத்துக்காக நிறுவனம் மாறுபவர், பழைய தேதியைப் புதியவர் ஏற்கிறாரா என்று எழுத்தில் பெறுவது அவசியம்.

தனிப் பணியாளர் பார்க்க வேண்டியவை

1895இல் இயேசு சபையினர் நிறுவிய திரு இருதயக் கல்லூரியால் அறியப்பட்ட செண்பகனூர் போன்ற மலையூரில் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுத இன்று முடிகிறது. வேலை எங்கிருந்தும் நடக்கலாம்; வழக்கு எங்கே நடக்கும் என்பதை ஒப்பந்தம் முடிவுசெய்கிறது. வழக்கமான இந்தியப் பாலிசி இந்திய நீதிமன்றங்களோடு நின்றுவிடும். அமெரிக்கா, கனடாவில் தொடுக்கப்படும் வழக்குக்குக் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் நியூயார்க்கில், பாலிசியின் எல்லை இந்தியா என்றால் அந்தப் பாலிசி கையில் இருந்தும் பயன் இல்லை.

அடுத்தது ஒப்பந்தத்திலுள்ள இழப்பீட்டு வாக்குறுதி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 124ஆம் பிரிவின்படி, பிறர் செயலால் வரும் நட்டத்துக்கும் ஈடுசெய்வதாக ஒருவர் வாக்களிக்கலாம். பாலிசியோ, கவனக்குறைவால் சட்டப்படி வரும் பொறுப்பையே ஏற்கிறது. தாமாக வாக்களித்து மேலே ஏற்றுக்கொண்ட சுமையைப் பொதுவாக விலக்கிவிடும். தாமதத்துக்கான அபராதமும் அவ்வாறே. 2018 நவம்பரில் கஜா புயலின்போது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து மின்சாரம் நின்றதைப்போல ஒரு நிலையில் வேலை தாமதமானால், உதவ வேண்டியது ஒப்பந்தத்திலுள்ள இயற்கைச் சீற்ற விதி. காப்பீட்டை நம்ப முடியாது.

தொகையைப் பார்க்கும்போது ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு, ஓர் ஆண்டு முழுதுக்கும் எவ்வளவு என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். வழக்குச் செலவு பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே கழியும். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்கு வரம்புக்கு மேற்பட்ட கடன் வீடு, சேமிப்பு வரை பாயும். 2008இன் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டமும், ஒருநபர் நிறுவனத்துக்கு இடந்தந்த 2013இன் நிறுவனங்கள் சட்டமும் ஓரளவு மறைப்புத் தந்தாலும், சொந்தக் கவனக்குறைவுக்கான பொறுப்பை அவை அழிப்பதில்லை.

விண்ணப்பத்தில் முன்பே தெரிந்த தகராறு எதையும் மறைக்கலாகாது. வாடிக்கையாளரிடமிருந்து கோபமான ஒரு மின்னஞ்சல் வந்தாலும், வழக்காகும் என்று தோன்றினால், பாலிசிக் காலத்துக்குள்ளேயே காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் தவறை ஒப்புக்கொண்டோ பணம் தருவதாகச் சொல்லியோ பதில் அனுப்பினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். தொழிலை நிறுத்திவிட்டவரும் உடனே பாலிசியைக் கைவிடக்கூடாது. ஒப்பந்த மீறல் வழக்குக்கு இந்தியாவில் பொதுவான காலவரம்பு 3 ஆண்டுகள் என்பதால், கடைசி வேலைக்குப் பிறகும் அந்தக் காலம் வரையிலாவது கோரிக்கைகளை ஏற்கும் நீட்டிப்பைக் கேட்டு வாங்குவது வழக்கம்.