காடுகளின் எதிரொளிதிறனும் கரிம உறிஞ்சலும்

காடுகளின் எதிரொளிதிறனும் கரிம உறிஞ்சலும் தட்பவெப்பத்தை எதிரெதிர்த் திசைகளில் மாற்றும் இரு விளைவுகள் ஆகும். மரங்கள் கரியமில வாயுவை உட்கொண்டு சேமிப்பதால் புவி குளிர்கிறது. அவற்றின் கரும்பச்சை இலைப்பரப்பு சூரிய ஒளியைக் கூடுதலாகக் கவர்வதால் புவி சூடாகிறது. இவற்றுள் எது மேலோங்கும் என்பது காடு அமைந்துள்ள இடத்தைப் பொறுத்தது.

எதிரொளிதிறன்

ஒரு பரப்பின் மீது விழும் சூரிய ஒளியில் திருப்பி அனுப்பப்படும் பங்கு எதிரொளிதிறன் அல்லது அல்பெடோ எனப்படும். புதிதாகப் பெய்த வெண்பனிக்கு இது 0.8 அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். அடர்ந்த காட்டிற்கு 0.1 முதல் 0.15 வரை. எனவே பனி மூடும் வடபுலங்களில் வெட்டவெளியில் மரம் வளர்த்தால், கரிம உறிஞ்சலால் கிடைக்கும் குளிர்ச்சியின் பெரும்பகுதி இழக்கப்படலாம். கோவிந்தசாமி பாலாவும் (பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்) பிறரும் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணினி ஆய்வு, வெப்பமண்டலக் காடழிப்பு புவியைச் சூடாக்கும் என்றும், வடபுலக் காடழிப்பு குளிர்விக்கும் என்றும் காட்டியது. இதனை மரம் வெட்டுவதற்கான பரிந்துரையாகக் கொள்வது தவறு.

கரிமமும் நீரும்

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். ஒரு கிலோகிராம் கரிமம் மரத்தில் சேர, 3.67 கிலோகிராம் கரியமில வாயு காற்றிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். இலைகள் வெளியிடும் நீரும் வெப்பத்தைக் கவர்கிறது: ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் தேவை.

விருதுநகர் மாவட்டம்

மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் (1988) உள்ளது. இது 2021 முதல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாகும். கிழக்கே சாத்தூர், அருப்புக்கோட்டைப் பகுதிகளில் கரிசல் நிலம் பரந்துள்ளது. கரிசல் இயல்பாகவே கருமையானது; ஆகவே அங்கு மரம் நடுவதால் எதிரொளிதிறனில் ஏற்படும் இழப்பு பனிநிலத்தைக் காட்டிலும் மிகக் குறைவு. உண்மையான தடை நீரே. சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்ற உதவிய அதே வறண்ட வானிலை, மரங்களின் வளர்ச்சியையும் நீராவிப்போக்கால் வரும் குளிர்ச்சியையும் கட்டுப்படுத்துகிறது.

சீமைக் கருவேலம்

அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட சீமைக் கருவேலம் இம்மாவட்டத்தின் கண்மாய்களிலும் தரிசுகளிலும் அடர்ந்து பரவியுள்ளது. இது வறட்சியிலும் கரிமத்தைச் சேர்க்கும். ஆயினும் நீர்நிலைகளை ஆக்கிரமிப்பதால், இதனை அகற்றுவது குறித்து 2017 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுகள் பிறப்பித்தது. வெட்டிய மரம் பெரும்பாலும் மூட்டம் போடப்பட்டுக் கரியாகிறது. மூட்டத்தில் ஒரு பகுதியும், கரி எரியும்போது எஞ்சியதும் ஆகச் சேர்ந்த கரிமம் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அடிக்கட்டை மீண்டும் துளிர்த்தால் அதனைப் படிப்படியாகக் கவரும். வேரோடு அகற்றப்பட்ட இடத்திலோ, அடுத்து அங்கு என்ன வளர்கிறது என்பதைப் பொறுத்தே கரிமக் கணக்கு அமையும்.