குடத்துள் இட்ட ஓலை

தமிழகத்தில் மக்களாட்சியின் தொன்மை பேசப்படும் இடங்களிலெல்லாம் உத்திரமேரூர் நினைவுகூரப்படுகிறது. பள்ளிப் பாடநூல்களில் அது இடம்பெற்றுப் பல்லாண்டுகள் ஆயின. 2020 டிசம்பர் 10ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய பிரதமரின் உரையிலும் அது இடம்பெற்றது. இவ்வாறு அக்கல்வெட்டைப் போற்றுவோர் பலர். அதன் வாசகத்தை முழுதும் படித்தோர் சிலரே. படித்துப் பார்ப்போமானால் ஒரு செய்தி நம்மை வியக்க வைக்கும். அவ்வூரில் எவரும் எவருக்கும் வாக்களிக்கவில்லை.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இரு சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், எழுந்தது ஒன்று. 14ஆம் ஆண்டில், கி.பி. 921இல், எழுந்தது மற்றொன்று. இரண்டும் ஊர்ச்சபையார் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடுகளாயினும், இருமுறையும் மன்னனின் ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் உடனிருந்தார். முதல்முறை வந்தவர் தத்தனூர் மூவேந்த வேளான். அடுத்து வந்தவர் சோமாசிப் பெருமான். கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை ஆராய்ந்து தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். நீலகண்ட சாஸ்திரியார் பின்னர் அவ்வாய்வை மேலும் வளர்த்தார். முதல் விதி இயற்றப்பட்ட இரண்டே ஆண்டுகளில் அதனினும் விரிந்த விதி ஏன் வேண்டியதாயிற்று? முதல் விதியில் இருந்த இடைவெளிகளை எவரோ பயன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊகிப்பது தவறாகாது.

நடைமுறையைக் காண்போம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வார்டு எனக் கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையோரின் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்படும். அவ்வோலைகள் குடும்புவாரியாகக் கட்டப்பட்டு, மேலே வாயோலை பூட்டப்பெற்று, குடத்தில் இடப்படும். சிறியோரும் பெரியோருமாகச் சபை முழுதும் கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் உள்மண்டபத்தில் அமர்ந்திருப்பர். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணுமாறு தூக்கிக் காட்டுவார். ஏதும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்திற்கு மாற்றிக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். நம்பிமாரும் அதனை வாசிப்பர். விரிந்த விரல்களுக்குள் இன்னோர் ஓலையை ஒளிக்க இயலாதல்லவா! இந்த ஒரு சிறு குறிப்பே அன்றைய ஊராரின் அனுபவத்தை நமக்குச் சொல்லிவிடுகிறது.

இவ்வாறு தேர்வான 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். வைரமேகத் தடாகம் என்னும் பேரேரியை நம்பி வாழ்ந்த ஊருக்கு ஏரி வாரியம் எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. பதவிக்காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவர் உடனே நீக்கப்படுவார்.

ஆக, இது தேர்தலன்று, திருவுளச்சீட்டு. எவருடைய விருப்பமும் அங்குக் கேட்கப்படவில்லை. செல்வாக்கு, உறவு, அச்சம் ஆகியவை தேர்வில் நுழையாமல் தடுப்பதே விதி செய்தோரின் கவலை. அக்கவலையின் ஆழத்தைத் தகுதியின்மைப் பட்டியலில் காணலாம். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துள் விழாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும் விழாது. அவர் மட்டுமன்று, அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனன், மருமகன் என நெருங்கிய சுற்றம் அனைத்துமே விலக்கப்பட்டது. பிறர் பொருளைக் கவர்ந்தவரும் பொய்யாவணம் செய்தவரும் இப்பட்டியலில் உள்ளனர். குடவோலையை வாக்குச்சீட்டின் மூதாதை என்று கொண்டாடுவதைவிட, கணக்குக் காட்டாதவனைச் சுற்றத்தோடு விலக்கிய இந்த விதியைக் கொண்டாடுவதே பொருத்தமாகும் என்பது நம் கருத்து.

எனினும், குடத்துக்குள் யாருடைய ஓலை விழுந்தது என்றும் நாம் கேட்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குள் வயதும் உடையவரே தகுதியுடையோர். 919இன் விதியில் இவ்வயது 30 முதல் 60 வரை இருந்தது. வேதக் கல்வி மிகுந்தவர்க்கு நில அளவு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. அந்நிலத்தை உழுதவர்க்கும், அவ்வேரியில் மண் சுமந்தவர்க்கும், பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்திய திருநெல்வேலி மானூர்ச் சாசனமும் நிலமும் கல்வியும் உடையோரையே சபையில் அமர்த்துகிறது. சபையில் எல்லாவற்றிற்கும் மறுப்புச் சொல்லிக் காரியத்தைத் தடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் என்றொரு சுவையான விதியும் அதில் உண்டு.

விடுபட்டோர்க்கு வாக்குரிமை கிடைக்க 1950இன் அரசியலமைப்பு வர வேண்டியிருந்தது. ஊராட்சித் தலைமையில் அவர்க்கு உறுதியான இடம் கிடைக்க 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வேண்டியிருந்தன. ஆயின், குடத்தைக் கவிழ்க்கும் வழிகளும் புதிதாகத் தோன்றின. 2019ஆம் ஆண்டுத் தேர்தலின்போது சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. மாநிலத் தேர்தல் ஆணையம் அதனை எச்சரித்தது. பணமுடையவன் எடுக்கும் ஏலத்தில் ஓலையுமில்லை, வாக்குமில்லை. காலம் தவறாமையும் போயிற்று. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்திற்குப் பின் ஊரகத் தேர்தல் நடைபெற்றது 2019 டிசம்பரிலேதான். அப்போது தேர்வானோரின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோதும் பொறுப்பைத் தனி அலுவலர்களே ஏற்றனர்.

இவை எல்லாவற்றினும் கசப்பானது 1996இல் தொடங்கிய கதை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் அதனை ஏற்க மறுத்தனர். வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆளின்றிப் போயிற்று. ஆள் நிறுத்தப்பட்ட போது, வென்றவர் பதவியேற்ற சூட்டோடு விலகினார். சட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஊர் தன் விருப்பத்தை நிலைநாட்டிக்கொண்டது. அதே மாவட்டத்து மேலவளவில் துணிந்து நின்று வென்ற தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்தில் திரும்புகையில் உடன் வந்தோர் சிலருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். மானூரில் மறுத்துரைத்தோர்க்குத் தண்டம் ஐந்து காசு. இங்கே வென்றவர் செலுத்தியது உயிர்.

பத்தாண்டுகள் கழிந்தபின், 2006 அக்டோபரில், அந்நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர்தோறும் சென்று பேசிய பின்னரே இது கைகூடியது. இம்முறை வென்றோர் விலகவில்லை. அன்று உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், 2021 அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சராகப் பாப்பாபட்டிக்கு வந்து, அவ்வூர்க் கிராம சபையில் மக்களிடையே அமர்ந்தார்.