காசுமாலையை வித்தது யாரு?

எங்க ஊர் தென்னேரி. வாலாஜாபாத் பக்கம். பெரிய ஏரி, அதை நம்பி நெல்லு. வீட்ல கல்யாணப் பேச்சு வந்தாலே ஆயா ஆரம்பிச்சிடுவாங்க: "எங்க மாமனாரு மட்டும் அந்தக் காசுமாலைய விக்காம இருந்திருந்தா..." 1932-ல கடனை அடைக்க கொள்ளுத்தாத்தா வித்த மாலை அது. 90 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஊதாரிங்கற பேரு மட்டும் போகல.

எங்க தொழில்ல 'கிட் பிளேம்'னு ஒரு கமாண்ட் இருக்கு. ஒரு வரியைக் கடைசியா தொட்டது யாருன்னு சொல்லும். தப்பு யாருதுன்னு சொல்லாது. மாலையைக் கடைசியா தொட்டவர் கொள்ளுத்தாத்தா, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி யாரெல்லாம் தொட்டாங்கன்னு கொஞ்சம் நோண்டினேன்.

1929 அக்டோபர்ல நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாலு வருஷத்துல சென்னை மாகாணத்துல நெல் விலை கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு. கிஸ்தியும் வட்டியும் குறையல. பத்து மூட்டை வித்து கட்டின கிஸ்திக்கு இருபது மூட்டை விக்கணும். இதுக்கு அமெரிக்காக்காரன்தான் காரணம்னு முடிச்சுக்கலாம்தான். ஆனா அதுக்கு முன்னாடியே ஒருத்தர் கைவரிசை இருக்கு.

1926-ல ஹில்டன் யங் கமிஷன், ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ்னு சொல்லுச்சு. 16 பென்ஸ்தான் சரின்னு புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் தனியா மறுப்பு எழுதினார். யாரு கேட்டா? 1927-ல 18 சட்டமாச்சு. ரெண்டு பென்ஸ்ல என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். வெளிநாட்டுல 18 பென்ஸுக்கு விக்கிற பொருளுக்கு, 16 கணக்குல ஒரு ரூபா ரெண்டணா கிடைக்கும். 18 கணக்குல ஒரே ரூபாதான். விவசாயிக்கு ரெண்டணா காலி. அதைவிட மோசம், விலை சரியும்போதும் அந்த 18-ஐக் காப்பாத்த சர்க்கார் புழக்கத்துல இருந்த பணத்தை இழுத்துக்கிச்சு. கையில காசில்லாதவன்கிட்ட இருந்து இன்னும் காசை உருவறது! (விலை பாதியானதுக்கு ரெண்டணா மட்டுமே காரணம்னு நான் சொல்லல, பொருளாதாரம் படிச்சவங்க அடிக்க வராதீங்க.) ஜப்பான் 1931 டிசம்பர்ல தங்கத்தை விட்டு வெளியேறி, நாணய மதிப்பை இறங்க விட்டு, சீக்கிரமே எழுந்துச்சு.

1931 செப்டம்பர் 21-ல பிரிட்டனும் தங்கத்தைக் கைவிட்டுச்சு. ரூபாயை அதே 18 பென்ஸுக்கு பவுண்டோட கட்டிப் போட்டாங்க. பவுண்டு இறங்க, தங்கம் ஏறுச்சு. ஊர் ஊரா நகைங்க கப்பலேறுச்சு, சில வருஷத்துலயே 200 கோடி ரூபாய்க்கு மேல. மக்கள் நல்ல லாபத்துக்கு விக்கறாங்கன்னு சர்க்கார் அதுக்கும் பேர் வாங்கப் பார்த்துச்சு. எங்க காசுமாலையும் அந்தக் கணக்குல 'லாபம்'தான் போல.

2020 ஆகஸ்ட்ல நிர்மலா சீதாராமன் கொரோனாவை கடவுளின் செயல்னு சொன்னப்ப எனக்கு இதே கதைதான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஏப்ரல்-ஜூன்ல பொருளாதாரம் 23.9% சுருங்கிச்சுன்னு முதல் கணக்கு. கொரோனா யாரும் வரவழைச்சதில்ல, ஒத்துக்கறேன். ஆனா 2019-லயே வளர்ச்சி இறங்கிட்டுதான் இருந்துச்சு. அதுல கடவுளை இழுக்க முடியாது.

சரி, பாராட்டு யாருக்கு? 1937 தேர்தல்ல நீதிக்கட்சி சுத்தமா தோத்துச்சு, 215-ல காங்கிரஸுக்கு 159. ராஜாஜி முதல்வரானதும் 1938-ல விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தார். 1932 அக்டோபருக்கு முந்தின கடனுக்கு, 1937 அக்டோபர் வரைக்கும் நின்ன வட்டி பூரா ரத்து. அசலைப் போல ரெண்டு மடங்கு கட்டியிருந்தா கடனே ரத்து. நல்ல சட்டம், அந்தப் பேர் அவருக்குப் போகட்டும்.

ஆனா பாருங்க, ரத்தானது நிலுவையில நின்ன வட்டிதான். மாலையை வித்து 1932-லயே வட்டியும் அசலும் கட்டி முடிச்சவருக்கு அதுல ஒண்ணுமே இல்ல. கட்டாம இழுத்தடிச்ச பக்கத்து வயல்காரர் தப்பிச்சார். போன வாரம் ஆயாகிட்ட இதை விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, "அப்போ அவசரப்பட்டு கட்டிட்டாருன்னு சொல்ற"ன்னாங்க. ஊதாரி போயி இப்போ அவசரக்காரர்.